பவுடர் டப்பாவும் அவித்த முட்டையும்

கேஸ் போட வந்தவன் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிவரத் தனியாகக் காசு கேட்டான். சாமுண்டீஸ்வரி கீழே நின்று அவனோடு வாய்ச்சண்டை போட்டுப் பார்த்தாள். அவன் மசியவில்லை.

"இது இன்னா உங்கப்பன் கட்ன படியா? ஏர்றதுக்கு டிக்கெட்டு கேக்குற?" என்று கேட்டுவிட்டு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். நிறைந்த சிலிண்டரை அலாக்காகத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு அந்தக் குறுகல் படியில் விடுவிடுவென்று ஏறினாள். காலி சிலிண்டரோடு இறங்கி வந்து அதை அவன் காலடியில் 'ணங்'கென்று வைத்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

மேனாம்பேட்டில் அந்தத் தெருவின் எதிர் வரிசையில் ஜிம் நடத்திவந்த கஜபதியும் பார்த்தார். ஒரு காலத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு மேடை மேடையாக நின்று கோப்பை வாங்கியவர். இப்போது தொப்பை விழுந்துவிட்டது, ஆனால் எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தார்.

"யம்மா, ஒரு நிமிட்டு. தூக்கசொல்ல உன் முதுகு கொஞ்சங்கூட வளையல. இது சொல்லிக் குடுத்து வராது. பவர் லிப்டிங்னு ஒண்ணு கீது, பொம்பளைங்களும் தூக்குறாங்க. வந்து பாரு. பீஸ் வாணாம்."

பீஸ் வேண்டாம் என்ற சொல்தான் அவளை உள்ளே இழுத்தது. முப்பது வயதுவரை அவளுக்கு யாரும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. பிறந்தது பருத்திப்பட்டில். அப்பாவும் அம்மாவும் ஏரிக்குக் கீழே அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நிலத்துக்காரன் மனை போட்டு விற்றபோது இத்தனை வருஷம் சேற்றில் நின்றவர்களுக்கு ஒரு வேட்டி, ஒரு புடவைகூட எடுத்துக் கொடுக்கவில்லை. அதே இடத்தில் எழும்பிய அடுக்குமாடிக்கு அப்பா வாட்ச்மேன் ஆனார். காரில் வருகிறவனுக்கெல்லாம் அப்பா எழுந்து சல்யூட் அடிப்பதைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பையோடு நின்றவள், அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சலை இன்னும் கீழே இறக்கி வைக்கவில்லை.

கல்யாணமாகி மேனாம்பேடு வந்தாள். கணவன் பூபாலன் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். எஸ்டேட்டுக்கும் கோயம்பேட்டுக்கும் லோடு அடிப்பான். அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை மெஷினில் வைத்து இரண்டு கையாலும் பொத்தானை அழுத்த வேண்டும், வெட்டி விழுந்த துண்டுகளை டிரேயில் போட வேண்டும், டிரே நிரம்பினால் தூக்கி வண்டியில் அடுக்க வேண்டும். இரும்பு அவளுக்குப் புதிதில்லை. காலை ஷிப்ட் முடிந்து வந்ததும், ஆண்கள் கூட்டம் சேர்வதற்கு முன்னால் ஜிம் காலியாகக் கிடக்கிற நேரத்தில் போகத் தொடங்கினாள்.

"ப்ரீன்னா போ. ஊட்டு வேல கெடக்கூடாது" என்றான் பூபாலன்.

வீட்டு வேலை கெடவில்லை. எடை மாட்டிய இரும்புப் பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, தரையில் கிடக்கிற பாரை இடுப்புவரை தூக்கி நிமிர்வது என்று ஒவ்வொன்றாகப் படிந்து வந்தது. ஒரு வருஷத்தில் அவள் தூக்கிய எடையைப் பார்த்துச் சாயங்கால ஆண்களே ஓரமாக ஒதுங்கினார்கள். கஜபதி அவளைப் போட்டோ எடுத்து, வாசலில் ஆளுயரத்துக்குப் பேனர் வைத்தார். பூந்தமல்லியில் மாவட்டப் போட்டி வருகிறது, அதில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம் என்று சொல்லித் தன் ஜிம் பேரிலேயே அவளைப் பதிவும் செய்தார்.

அதற்கப்புறம் எடை ஏற மறுத்தது. மாதம் மாறியும் அதே எடையில் நின்றாள்.

"ஒடம்புல சரக்கு இல்ல. இன்னாதான் துன்ற நீ?" என்று கேட்டார் கஜபதி.

காலையில் இட்லியோ மிஞ்சினதோ, மத்தியானம் கம்பெனிச் சோறு, ராத்திரி சோறு என்றாள்.

"முட்ட?"

அவள் குனிந்து பாரிலிருந்து எடைகளைக் கழற்றத் தொடங்கினாள்.

முட்டைக்கு அந்த வீட்டில் ஒரு கணக்கு இருந்தது. முட்டைக் குழம்பு வைத்தால் பூபாலனுக்கு இரண்டு, மகள் ஜெயப்பிரியாவுக்குப் பாதி, மாமியார் பஞ்சவர்ணத்துக்கும் அவளுக்கும் குழம்பு. மீன் வாங்கினால் நடுத்துண்டெல்லாம் அவனுக்கு, தலையும் வாலும் பெண்களுக்கு. இதை யாரும் சட்டம் போட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரு தடவை அவள் துணிந்து தனக்கென்று நான்கு முட்டை அவித்தாள். "இன்னா, ஊட்டுக்கு யார்னா வந்துகிறாங்களா?" என்று கேட்டபடியே பூபாலன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனான். "பொம்பள ஒடம்புக்கு இத்தினி சூடு ஆவாது" என்றாள் பஞ்சவர்ணம். ஜெயப்பிரியா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் வாயில் இரண்டு போனது. மிச்சம் ஒன்றைத் தின்றபோது சாமுண்டீஸ்வரிக்குத் திருடித் தின்கிற மாதிரி இருந்தது. சம்பாதிக்கிறவள் அவள். அப்படியும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றபடியேதான் அதை விழுங்கினாள்.

அதனால், ஜிம் ஆண்கள் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற ப்ரோட்டீன் பவுடரை வாங்கலாம் என்று முடிவு செய்தாள்.

கூட வந்தவள் ரேணுகா. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருப்பவள். கணவனுக்கு அந்தத் தொழிற்சாலையில் வேலை, சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஆவடியில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் பழக்கமானவர்கள் இரண்டு பேரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயின் ரோட்டில் கண்ணாடி போட்ட ஒரு கடைக்குப் போனார்கள். உடம்பைப் பிடிக்கிற டீ சர்ட் போட்ட விற்பனையாளன் இவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"எடை கொறைக்கவா அக்கா? ஸ்லிம் டீ இருக்கு."

"எட தூக்கறதுக்கு" என்றாள் சாமுண்டீஸ்வரி.

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சிமெண்டு மூட்டை மாதிரி ஒரு பையைத் தூக்கி மேஜையில் வைத்தான். "இது எடுத்துக்கங்க. மூணு கிலோ. உங்க பட்ஜெட்டுக்கு இதான் சரி."

ரேணுகா பையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தாள். "இதுல முக்கால்வாசி மாவும் சர்க்கரையும்தான் சாமு. ப்ரோட்டீன் பேருக்குத்தான் இருக்கு. இதுக்கு ரேஷன் சர்க்கரையைக் கரைச்சுக் குடிக்கலாம்."

"எங்க பட்ஜெட்டு இன்னான்னு ஒனக்கு யாரு சொன்னாங்க?" என்று அவனைக் கேட்டாள் சாமுண்டீஸ்வரி. "பொடவையப் பாத்து முடிவு பண்ணிட்டியா? துட்டு கம்மின்னா சக்கரையத் தலைல கட்டுவியா?"

அவன் முகம் சுருங்கி அசல் டப்பாவைக் காட்டினான். ஒரு கிலோ டப்பா அவள் சம்பளத்தில் கால்வாசியை விழுங்கிவிடும் போலிருந்தது. அதன் பக்கத்தில் அது இது என்று வண்ண வண்ணமாக இன்னும் பத்து டப்பா. தூக்கத்துக்கு ஒன்று, சுறுசுறுப்புக்கு ஒன்று. வெளியே வந்ததும் ரேணுகா சொன்னாள்: "அதெல்லாம் நமக்குத் தேவையே இல்ல. கிரியாட்டின்னு சின்னப் பாக்கெட் ஒண்ணு இருக்கு, எடை தூக்கத் தெம்பு குடுக்கும், வெலை கம்மி, ரொம்ப நாள் வரும். அது போதும். மிச்சத்துக்கு முட்டை, வேர்க்கடலை, மீல் மேக்கர்னு தின்னுட்டுப் போ."

"முட்ட எங்க ஊட்ல என் வாய்க்கு வராது ரேணு."

ரேணுகா அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள்.

கடைக்குப் போய் வந்ததைக் கேள்விப்பட்டுக் கஜபதி கடிந்துகொண்டார். "அங்கெல்லாம் போயி ஏமாறாத தங்கச்சி. என்னாண்ட டீலர் வெல. ஒனக்குன்னா இன்னும் கம்மி பண்ணித் தரேன்." அவர் அலமாரியில் அதே டப்பா வரிசையாக அடுக்கியிருந்தது. ஓவர்டைம் பணத்தை எடுத்துக் கொடுத்து அவள் ஒன்று வாங்கினாள்.

அந்த டப்பா வீட்டுக்கு வந்து பிரிட்ஜ் மேலே உட்கார்ந்தது. அதை ஒருவரும் தொடவில்லை. பூபாலன் எடுத்துப் பார்த்தான், மோந்தான், "மருந்தா?" என்று கேட்டு வைத்துவிட்டான். எல்லார் கண்ணுக்கும் எதிரே அவள் ஒரு ஸ்பூன் அள்ளித் தண்ணீரில் கலக்கி முழுசாகக் குடித்தாள். ஒருவரும் பங்குக்கு வரவில்லை, சூடு என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் அவளுக்கே அவளுக்கென்று ஒரு சாப்பாடு முதல்முறையாக வந்தது அப்படித்தான். வீட்டுப் பாத்திரத்திலெல்லாம் பூபாலன் பேரும் அவன் அப்பா பேரும்தான் வெட்டியிருக்கும். கம்பெனியில் தகட்டில் கோடு கிழிக்கிற ஊசியால் அவள் அந்த டப்பாவின் அடியில் 'சாமுண்டி' என்று கீறினாள்.

டப்பா காலியானபோது கஜபதி கேட்டார்: "அத்தத் தூக்கிப் போடாத, இங்க குடு. பழைய பேப்பர்காரனாண்ட போட்டா நம்ம பசங்க டீ செலவுக்கு ஆவும்." கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எடையும் கொஞ்சம் ஏறியிருந்தது. சந்தோஷத்தில் அடுத்த டப்பாவுக்கும் பணம் கட்டினாள்.

இரண்டாவது டப்பாவின் வாயில் சீல் வைத்த மெல்லிய தகடு ஒட்டித்தான் இருந்தது. ஆனால் பவுடர் திகட்டத் திகட்ட இனித்தது. தண்ணீரில் கரையாமல் கட்டி கட்டியாக அடியில் தங்கியது. வயிறு உப்பியது. வேலை நேரத்தில் திரும்பத் திரும்பக் கக்கூஸுக்கு ஓடினாள். "மெஷின் நிக்குதும்மா. ஒடம்பு சரியில்லன்னா லீவு போட்டுட்டுப் போ" என்று எல்லார் எதிரிலும் கத்தினான் சூப்பர்வைசர். அவள் கஜபதியிடம் போய்ச் சொன்னாள்.

"பவர் ஜாஸ்தி. ஒன் ஒடம்பு தாங்கல" என்றார் அவர். "சின்ன வயசுலேர்ந்து நல்லா துன்னு வளந்த ஒடம்பா அது? பழகிக்கும். தண்ணி நெறைய ஊத்திக் குடி."

அவள் அதை நம்பினாள். தன் உடம்பின் மேல்தான் கோபப்பட்டாள். நல்லதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளத் தெரியாத உடம்பு என்று திட்டிக்கொண்டே குடித்தாள்.

ஒரு நாள் காலை ஜெயப்பிரியா பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்று சொல்லித் தனக்கும் பவுடர் வேண்டுமென்று ஆசையாகக் கேட்டாள். மகளுக்கும் ஒரு டம்ளர் கலக்கிக் கொடுத்து அனுப்பினாள். பத்து மணிக்குப் பள்ளியிலிருந்து போன். போய்ப் பார்த்தால் வாந்தி எடுத்துத் துவண்டு பெஞ்சில் படுத்திருந்தது பிள்ளை. டாக்டரிடம் காட்டி, ஊசி போட்டு, வீட்டுக்குத் தூக்கி வந்து படுக்க வைத்தாள். பவுடர் கெட்டுப் போயிருக்குமோ, தேதி என்ன போட்டிருக்கிறான் என்று பார்க்க டப்பாவை எடுத்துக் கவிழ்த்தாள்.

அடியில் 'சாமுண்டி' என்று கீறியிருந்தது.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இந்தக் கிறுக்கல் தன்னுடையது, இந்த 'ண்' எப்போதும் கோணிக்கொண்டு போகும். ஆனால் இந்த டப்பாவில் அவள் எதையும் கீறவில்லையே. பிறகு விளங்கியது. தான் கழுவித் துடைத்துக் கொடுத்த டப்பாதான். அதில் எதையோ கொட்டி, புதுத் தகடு ஒட்டி, தனக்கே திருப்பி விற்றிருக்கிறார். ஒன் ஒடம்பு தாங்கல என்றாரே, அந்தப் பேச்சு காதில் திரும்பக் கேட்டது. அவளுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது.

சாயங்காலம் ஆண்கள் எல்லாரும் வந்து சேரட்டும் என்று காத்திருந்தாள். மகளைப் பஞ்சவர்ணத்திடம் ஒப்படைத்துவிட்டு, டப்பாவை இடுக்கிக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜிம்முக்குள் போனாள். கஜபதி மேஜைக்குப் பின்னால் போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இது இன்னா?"

"டப்பா."

"அடில பாரு."

அவர் பார்த்தார். ஒரு கணம் முகம் மாறி, உடனே சிரித்தார். "ஆமா, ஒம் பேரு. நீதான எய்திக்குவ."

"இது போன மாசம் நான் காலி பண்ணிக் கழுவி ஒன் கைல குடுத்த டப்பா. பேப்பர்காரனுக்குப் போடறேன்னியே, எந்தப் பேப்பர்காரன் இத்த ரொப்பி சீலு வச்சித் தந்தான்?"

பளு வைக்கிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஜிம்மே திரும்பிப் பார்த்தது.

"கத்தாத. டீலர் எதுனா தப்பு பண்ணிகிறான். நான் கேக்கறேன்."

"டீலர் எம் பேரு போட்ட டப்பாவ எங்கேர்ந்து எடுத்தான்? என் ஒடம்பு தாங்கலன்னு சொன்னியே, மனசாட்சி கீதா ஒனக்கு? எம் பொண்ணு வாந்தி எடுத்துக்கினு பட்துகினு கீதுயா ஊட்ல!"

அவர் குரலைத் தாழ்த்தினார். "தபார் சாமுண்டி. ஒன்னாண்ட ஒரு நாளாவது பீஸ் வாங்கிகிறனா? தெருவுல சிலிண்டர் தூக்கிக்கினு இருந்தவள நான்தான் ஆளாக்குனேன். அந்த நன்றி வாணாம்?"

அந்தப் பேச்சில்தான் அவளுக்கு எல்லாம் உடைந்தது. மேஜை மேலிருந்த, பவுடர் கலக்கிக் குடிக்கிற அவருடைய ஷேக்கரை எடுத்தாள். டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பூன் அள்ளிப் போட்டாள். தண்ணீர் ஊற்றி மூடிக் குலுக்கினாள். திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீ குடி."

"இன்னா இது வெளாட்டு?"

"பவர் ஜாஸ்தின்ன இல்ல? குடி. எம் பொண்ணு குடிச்சா. நீ மாஸ்டர். குடி."

கஜபதி அந்த ஷேக்கரைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். மூலையில் நின்ற அருள் என்ற டெலிவரி பையன் தன் பையிலிருந்த டப்பாவை எடுத்து, சந்தேகத்தோடு கவிழ்த்துப் பார்த்தான்.

ஆனாலும் ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. அவர்களும் பணம் கொடுத்து வாங்கியவர்கள், அவர்களுக்கும் வயிறு உப்பியிருக்கும். தலைக்குமேல் அத்தனை எடையைத் தூக்குகிறவர்களுக்கு நாக்கைத் தூக்க முடியவில்லை. கடைசியில் ஒருவன், "அக்கா, வுடு, தனியா பேசி முடிச்சிக்கலாம்" என்றான்.

"இன்னாத்த முடிக்கிறது? நீங்கல்லாம் கண்ணாடி முன்னாடி நின்னு கை தூக்கிப் பாக்கறதோட சரி" என்று சொல்லி ஷேக்கரை மேஜையில் கவிழ்த்தாள். கட்டிக் கட்டியாக மஞ்சள் தண்ணீர் அவருடைய ரசீதுப் புத்தகத்தின் மேலே வழிந்தது. வெளியே வந்தவள் வாசலில் இருந்த தன் பேனரைக் கயிற்றோடு பிய்த்துச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பூபாலன் அதற்குள் லோடு இறக்கிவிட்டு வந்திருந்தான். விஷயம் தெருவில் பரவி அவன் காதுக்கும் வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தபடியே, "ஓசில வுட்டான், நாலு காசு பாத்துகினான். அதுக்கு ஏன்மே இத்தினி ஆர்ப்பாட்டம்? மாவுத் தண்ணி குடிச்சி ஏமாந்தன்னு ஊரே சிரிக்குது" என்றான். அவனும் சிரித்தான்.

அன்றைக்கு முட்டைக் குழம்பு. பஞ்சவர்ணம் பழக்கப்படி அவன் தட்டில் இரண்டை வைத்தாள். காலையில் வாந்தி எடுத்து, வெறும் வயிற்றோடு சுவரில் சாய்ந்திருந்த ஜெயப்பிரியாவின் தட்டில் ஒன்றை நூல் போட்டுப் பாதியாக அறுத்து ஒரு பாதியை வைத்தாள். மறு பாதி குழம்புச் சட்டிக்கே திரும்பிப் போனது, காலையில் அவனுக்கு ஆகும் என்று.

சாமுண்டீஸ்வரி எழுந்தாள். அவன் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து மகள் தட்டில் வைத்தாள். சட்டியிலிருந்த பாதியைத் தன் வாயில் போட்டு மென்றாள்.

"இன்னாமே பண்ற?"

"துன்றேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த ஊட்ல நான் ஒரு முழு முட்ட ஒக்காந்து துன்னுகிறனா? நெனச்சிப் பாத்து சொல்லு. மீன்ல நடுத்துண்டு எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாதுயா. எட தூக்கறது நானு, டிரே தூக்கறது நானு, ஒம் பொண்ணத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனது நானு. துன்றது நீ. முட்டய வாயில வச்சா அல்லாரும் மூஞ்சிய மூஞ்சியப் பாக்குறீங்கன்னுதான் அந்த எழவு டப்பாவ வாங்கினேன். அவனாவது எனக்குத் தெரியாம ஏமாத்துனான். நீங்க கண்ணு எதிர்லியே ஏமாத்துறீங்க."

பூபாலன் கையைத் தட்டிலேயே உதறிவிட்டு எழுந்தான். "ஒரு முட்டைக்கு இத்தினி பேச்சா?" என்றான்.

"ஒரு முட்டைன்னா நீ ஏன் குடுக்கல?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஜெயப்பிரியா பயந்து போய்த் தட்டைப் பார்த்தாள். "துன்னு" என்று அதட்டினாள் அம்மா. பஞ்சவர்ணம் சட்டியை மூடினாள்.

மறுநாள் விடியற்காலை சாமுண்டீஸ்வரி கடையிலிருந்து ஓர் அட்டை முட்டை வாங்கி வந்து அடுப்படியில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தாள். தனக்கும் மகளுக்குமாக எண்ணிப் பாத்திரத்தில் போட்டுக் கேஸைப் பற்ற வைத்தபோது பின்னால் பஞ்சவர்ணம் வந்து நின்றாள். இன்னொரு சண்டைக்குத் தயாராகத் திரும்பினாள் சாமுண்டீஸ்வரி.

"எனக்கு இன்னா வாயி இல்லியா?" என்றாள் கிழவி சள்ளென்று. "ஒண்ணு சேத்துப் போடு."

அவித்ததை உரித்து நின்றபடியே தின்றாள் பஞ்சவர்ணம், மஞ்சள் கருவைக் கடைசியாக வைத்து. தின்று முடித்து, "ஒன் மாமனாரு கட்ட வெந்து போச்சி, அந்தாளு இருக்கசொல்ல ஒரு நாளு குடுத்ததில்ல" என்று யாரையோ திட்டுவது போலச் சொல்லிவிட்டுப் பெருக்கப் போனாள். சாமுண்டீஸ்வரிக்கு அவள் மேலும் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் தனக்கும் இல்லை என்று தெரிந்துகொண்டே பேத்திக்கும் பாதியாக அறுத்தாளே.

உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போட்டோவோடு வாட்ஸ்ஆப்பில் புகார் அனுப்பினாள். சாட்சிக்கு ஆள் தேடி ஜிம் ஆண்களிடம் போனாள். ஒருவனுக்குத் தங்கச்சி கல்யாணம், ஒருவனுக்கு ஊருக்குப் போகிற வேலை. அருள் மட்டும் தன் டப்பாவையும் போட்டோ எடுத்து அனுப்பி, "என் பேரு வாணாம்க்கா" என்று கீழே எழுதியிருந்தான். அதிகாரிகள் வந்து சாம்பிள் எடுத்துப் போனார்கள். கஜபதியின் அலமாரி ஒரே நாளில் காலியானது. அதோடு சரி. முடிவு வர நாளாகும் என்றார்கள். ஜிம் ஷட்டர் ஒரு வாரம் மூடிக் கிடந்து பிறகு பழையபடி திறந்தது. போனவர்கள் எல்லாரும் திரும்பப் போனார்கள். தினமும் அதைக் கடந்துதான் அவள் பஸ்ஸுக்கு நடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ரேணுகா தன் ஜிம்முக்கு வரச் சொன்னாள். ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து ஆவடிக்குப் போய்ப் பயிற்சி செய்துவிட்டு வீட்டுக்கு வந்து சமைத்தாள். பவுடர் பக்கம் போகவில்லை. ரேணுகா சொன்ன சின்னப் பாக்கெட் கிரியாட்டினை மட்டும், பெரிய மருந்துக் கடையில் பில் போட்டு வாங்கினாள். மற்றபடி முட்டை, மீல் மேக்கர், இடைவேளையில் மென்று தள்ள ஒரு டப்பா வேர்க்கடலை. பூபாலன் சில நாள் முறைத்துக்கொண்டு பேசாமல் இருந்தான், பிறகு பேசினான். முட்டையைப் பற்றி மட்டும் அவன் வாயைத் திறப்பதில்லை. குழம்பில் தன் தட்டில் ஒன்று விழுந்தால் இரண்டாவதற்கு அவன் கண் இன்னும் சட்டிப் பக்கம் போகத்தான் செய்கிறது.

பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி நடந்தது. மணவறை மேடையில் ரப்பர் பாய் போட்டிருந்தார்கள். நடுவர்களுக்குப் பின்னால் போட்ட நாற்காலியில், வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகக் கஜபதி உட்கார்ந்திருந்தார். மாவட்டச் சங்கத்தில் அவருக்கு ஏதோ பொறுப்பாம். அவளைப் பார்த்துத் தலையசைத்துப் புன்னகை வேறு செய்தார்.

தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதில் அவளுக்கு நன்றாகவே வந்தது. படுத்துத் தூக்குவதில் சுமார். கடைசியாகத் தரையிலிருந்து தூக்குவது. அவள் முறை வந்தபோது மைக்கில் அவள் பேரைச் சொல்லி, கூடவே கஜபதி ஜிம்மின் பேரையும் சொன்னார்கள். அவர் பதிந்தது அப்படியே இருந்திருக்கிறது.

சாமுண்டீஸ்வரி பாருக்கு அருகே போகாமல் மேடை நடுவில் நின்றாள்.

"அந்தப் பேர எடுங்க."

மைக் பிடித்தவருக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"நான் அந்த ஜிம்மு இல்ல. போலிப் பவுடர் விக்கிற ஜிம்மு அது. எம் பேர மட்டும் சொல்லுங்க. அத்தோட சேத்துச் சொன்னா நான் தூக்க மாட்டேன்."

மண்டபம் சலசலத்தது. கஜபதி எழுந்து, "பொம்பள ஏதோ டென்ஷன்ல..." என்று தொடங்கினார். அதற்குள், தூக்கத் தொடங்கக் கொடுக்கிற ஒரு நிமிடத்துக்கான கடிகாரம் ஓட ஆரம்பித்திருந்தது. கூட்டத்திலிருந்து ரேணுகா எழுந்து நின்று, "பேரை எடுங்க சார்! டைம் போகுது!" என்று கத்தினாள். அவள் பக்கத்தில் இருந்த பெண்கள் சிலரும் கத்தினார்கள். நடுவராக இருந்த அம்மாள் மைக்கைக் கையில் வாங்கி, "சாமுண்டீஸ்வரி, மேனாம்பேடு" என்று மட்டும் சொன்னார்.

பத்து விரலும் கம்பியில் இறுகின. தூக்கினாள். எடை முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது. செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. அடுத்ததும் ஏறியது. மூன்றாவதாக, அதுவரை தொடாத ஓர் எடையைக் கேட்டாள். அது முழங்கால்வரை வந்து நின்றுவிட்டது. கை திறந்து கம்பி பாயில் விழுந்து அதிர்ந்தது.

இரண்டாவது இடம். மாநிலப் போட்டிக்குப் போக அது போதும். போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். சங்கத்து ஆட்கள் வரிசையில் கஜபதியும் வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, பதக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அவள் இறங்கிவிட்டாள்.

வெளியே மெயின் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ரேணுகா அவள் தோளைக் கட்டிக்கொண்டு, "செகண்டு! மாநிலம் போறோம்டி!" என்று குதித்தாள்.

"அந்தக் கடசி எட ஏறியிருக்கணும்" என்றாள் சாமுண்டீஸ்வரி. "அந்தாளு மூஞ்சியப் பாத்துட்டேன். கை லூசாயிடுச்சி. அடுத்த தடவ பாக்க மாட்டேன்."

"சரி, மொதல்ல சாப்பிடலாம் வா. எனக்குப் பசிக்குது."

"எனக்குந்தான்" என்று சொல்லிவிட்டு, பதக்கத்தைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு, ரோட்டைக் கடக்க லாரிக்கு நடுவே கையைக் காட்டி அவள் முன்னால் இறங்கினாள்.